ஓய்வு பெற்ற போலீஸ் கார் எப்போது கிளாசிக் ஆகிறது? கிரவுன் விக்டோரியாவை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2011 செப்டம்பர் 15 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் நகருக்கு அருகே இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி கிரவுன் விக்டோரியா வெளியே வந்தது. 1967 முதல் ஓடிய அந்த ஆலையும் அத்தோடு மூடப்பட்டது. அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கு போலீஸ் கார் என்றால் இந்தக் கார்தான். நெடுஞ்சாலையில் பின்னால் அந்த முகப்பு விளக்குகள் தெரிந்தாலே போதும், உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பதற்கு முன்பே கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும்.

இப்போது அந்தக் கார்களில் மூத்தவை 25 வயதைத் தாண்டிவிட்டன. பின்பக்கம் ‘போலீஸ் இன்டர்செப்டர்’ என்ற பெயர்ப்பட்டையோடு வரத் தொடங்கிய 1999 மாடல் 2024-இல் அந்த வயதைத் தொட்டது. ஏல அறிவிப்புகளில் ‘கிளாசிக்’ என்ற அடைமொழியோடு அவை வரத் தொடங்கியிருக்கின்றன. அந்த அடைமொழிக்கு அவை தகுதியானவையா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது ஒரு போலீஸ் காருக்கு வாங்கித் தருவது தனி நம்பர் பிளேட்டை மட்டும்தான். சேகரிக்கத் தகுந்த காராக அதை ஆக்குவது அது செய்த வேலைக்கான சான்று. இந்தக் குறிப்பிட்ட கார், இந்த ஊரில், இந்தப் பிரிவில், இத்தனை ஆண்டு ஓடியது என்று காட்ட முடிந்தால் அது வரலாற்றுப் பொருள். காட்ட முடியாவிட்டால் அது பெட்ரோல் அதிகம் குடிக்கும் ஒரு பழைய பெரிய செடான். சாதாரணக் கார்களுக்கு இந்த விதி இவ்வளவு கறாராகப் பொருந்தாது. போலீஸ் கார்களுக்கு ஏன் பொருந்துகிறது என்பதைத்தான் கிரவுன் விக்டோரியாவை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

வயதுக் கோடுகள்

‘கிளாசிக்’ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. கிளாசிக் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா மிகக் கண்டிப்பானது. 1915 முதல் 1948 வரை வந்த, அந்தக் காலத்திலேயே உயர்தரமாகக் கருதப்பட்ட கார்களை மட்டும்தான் அது ஏற்கிறது. அந்தக் கணக்குப்படி எந்த கிரவுன் விக்டோரியாவும் எந்தக் காலத்திலும் கிளாசிக் ஆகாது. 1935-இல் தொடங்கிய ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்காவோ 25 ஆண்டு ஆன எந்த வாகனத்துக்கும் கதவைத் திறக்கிறது. நியூயார்க், டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற மாநிலங்களும் பழைய வாகன நம்பர் பிளேட்டுக்கு 25 ஆண்டுகளைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் இரண்டு படிகள் உண்டு: 15 ஆண்டில் ஒன்று, 25 ஆண்டில் இன்னொன்று.

ஜெர்மனியின் முறை எனக்குப் பிடித்தது. அங்கே 30 ஆண்டு ஆகியிருந்தால் மட்டும் போதாது. நிபுணர் ஒருவர் காரைப் பார்த்து, அது பெருமளவு தன் அசல் நிலையிலேயே இருக்கிறது, பாதுகாக்கத் தகுந்தது என்று எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் எண்ணின் கடைசியில் எச் எழுத்து போட்ட பிளேட் கிடைக்கும். வயதோடு நிலையையும் சேர்த்துப் பார்க்கும் இந்த அணுகுமுறை போலீஸ் கார் விஷயத்துக்கு மிக நெருக்கமானது.

இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டுக்கு மேலான, அசல் நிலையில் உள்ள வாகனம்தான் வின்டேஜ். இன்னொரு பக்கம், 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகி அவை உடைப்புக்குப் போகின்றன. ஆக, இன்று அரசின் கையில் இருக்கும் ஒரு சாதாரண போலீஸ் வண்டி 50 வயது வரை சாலையில் பிழைத்திருக்க அநேகமாக வழியே இல்லை. அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்கவாவது முடிகிறது என்றால், அங்கே ஓய்வு பெறும் போலீஸ் கார்கள் பொது ஏலத்தில் யாருக்கும் விற்கப்படுவதுதான் காரணம்.

போலீஸ் கார் என்பது பெயின்ட் வேலை இல்லை

1950-களிலிருந்தே அமெரிக்க நிறுவனங்கள் போலீசுக்கென்று தனித் தொகுப்போடு கார் விற்று வந்தன. ஷோரூமில் நிற்கும் அதே உடல்தான். ஆனால் அடியில் தடித்த ஸ்பிரிங், பெரிய பிரேக், கூடுதல் திறனுள்ள ஆல்டர்னேட்டர், எஞ்சின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் குளிர்விக்கத் தனிக் கூலர், துல்லியம் சரிபார்த்த ஸ்பீடோமீட்டர் என்று பல மாறியிருக்கும். நாள் முழுக்க ஆள் மாறி ஆள் ஓட்டி, வெயிலில் ஏசி போட்டபடி மணிக்கணக்கில் நின்று, திடீரென்று முழு வேகத்தில் விரட்ட வேண்டிய கார் அது.

கிரவுன் விக்டோரியாவின் அடித்தளம் பழையது. பேந்தர் என்று ஃபோர்டு பெயரிட்ட அந்த அமைப்பு 1979 மாடலில் அறிமுகமானது. தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தும் முறை, பின்சக்கர இயக்கம், முன்னால் வி8 எஞ்சின், பின்னால் ஒரே துண்டான அச்சு. மற்ற நிறுவனங்கள் முன்சக்கர இயக்கத்துக்கும் சட்டமில்லாத உடலுக்கும் போய்விட்ட பிறகும் ஃபோர்டு இதைக் கைவிடவில்லை. போலீஸ் துறைகளுக்கும் இதுதான் பிடித்திருந்தது. சாலை நடுவே இருக்கும் நடைமேடை விளிம்பின் மேல் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். இடி வாங்கினால் பம்பரையும் ஃபெண்டரையும் மாற்றிவிட்டு அடுத்த வாரம் மறுபடி ரோந்துக்கு அனுப்பலாம். ஊருக்கு ஊர் உதிரிபாகம் கிடைத்தது, மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருந்தது.

1992 மாடலில் உருண்டையான புது உடலும் 4.6 லிட்டர் வி8 எஞ்சினும் வந்தன. 1998-இல் நிமிர்ந்த முகப்பு வந்தது, பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பு சேர்ந்தது. அதன் பிறகு வளைவுகளில் கார் முன்பைவிட நன்றாக நின்றது. 2003-இல் சட்டமும் ஸ்டியரிங்கும் புதிதாயின. 2004 முதல் போலீஸ் எஞ்சினின் திறன் 250 குதிரைத்திறன். வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே காராகத் தெரிந்தாலும், ஓட்டிப் பார்த்தவருக்கு 1997-ம் 2005-ம் வேறு வேறு கார்கள்.

காரின் அடையாள எண்ணில் ஐந்து முதல் ஏழு வரையுள்ள எழுத்துகள் பி71 என்று இருந்தால் அது போலீஸ் தொகுப்பு. 2010 முதல் இது பி7பி என்று மாறியது. பழைய கார் பிரியர்கள் இந்தக் காரை ‘பி71’ என்றே கூப்பிடுவது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: அந்த எண் காட்டுவது தொழிற்சாலையில் என்ன பொருத்தினார்கள் என்பதை மட்டும்தான். கார் பிறகு ரோந்துக்குப் போனதா, ஒரு துப்பறியும் அதிகாரியின் அடையாளமில்லாத காராக இருந்ததா, நகராட்சி பொறியாளர் அலுவலகத்துக்குப் போனதா என்பது அதில் இருக்காது. போலீஸ் கார் என்று தெரியாதபடி குரோம் அலங்காரத்தோடு வந்த பி71-களும் உண்டு.

எப்படி உழைத்தன, எப்படி அழிந்தன

1996-இல் செவர்லே தன் பெரிய காப்ரிஸ் காரை நிறுத்தியது. அதிலிருந்து 2006 மாடலில் டாட்ஜ் சார்ஜர் வரும் வரை பின்சக்கர இயக்கமுள்ள பெரிய போலீஸ் கார் என்று வாங்கப் போனால் கிரவுன் விக்டோரியாதான். ஏறக்குறைய பத்து ஆண்டு தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. ஆகவே இவை லட்சக்கணக்கில் ஓடின. சேகரிப்பு என்று பார்த்தால் இதுதான் இந்தக் காருக்கு எதிரான பெரிய வாதம். ஊரெல்லாம் இருந்த ஒன்றை யார் தேடிப் போய் வாங்குவார்கள்?

ஆனால் எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின, என்ன நிலையில் மிஞ்சின என்பதுதான் முக்கியம். ஒரு ரோந்துக் கார் ஒரு லட்சம் மைலை ஒட்டி ஏலத்துக்கு வரும். வருவதற்கு முன்பே கூரையில் இருக்கும் விளக்கு வரிசையான லைட் பார், ரேடியோ, கூண்டு, கம்ப்யூட்டர் பலகை எல்லாம் கழற்றப்படும். ஸ்டிக்கர்கள் சுரண்டப்படும். கூரையில் ஆன்டெனா ஓட்டைகள், டேஷ்போர்டில் திருகு ஓட்டைகள், டிக்கியில் வெட்டிவிட்ட ஒயர்கள். அப்படிப்பட்ட காரை டாக்சி நிறுவனம் வாங்கி இன்னும் பல ஆண்டு ஓட்டும். அல்லது மலிவாக ஒரு வி8 கிடைக்கிறதே என்று ஓர் இளைஞர் வாங்கி டயரைப் புகைய வைப்பார். இன்னும் சில, பழைய இரும்புக்குப் போகும் முன் கடைசியாக இடித்து நொறுக்கும் டெர்பி மைதானங்களில் முடிந்தன. வேலையில் இருந்தபடியே, சாமான்களோடு, முழுசாகப் பிழைத்தவை மிகக் குறைவு.

மைல்மீட்டர் இந்தக் கார்களில் பாதி உண்மையைத்தான் சொல்லும். போலீஸ் கார் ஓடும் நேரத்தைவிட எஞ்சினை அணைக்காமல் நிற்கும் நேரம் பெரும்பாலும் அதிகம். இதற்காகவே 2006 மாடல் முதல் எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டரை ஃபோர்டு வைத்தது. நின்றபடி ஓடும் ஒரு மணிநேரத்தை ஏறத்தாழ 33 மைல் ஓட்டத்தின் தேய்மானமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது. அந்தக் கணக்கில் 3,000 மணிநேரம் நின்று ஓடிய எஞ்சின், மைல்மீட்டர் காட்டுவதற்கு மேல் இன்னும் 99,000 மைல் உழைத்திருக்கிறது. ‘60,000 மைல்தான் ஓடியிருக்கிறது’ என்று விற்பவர் சொன்னால் அடுத்த கேள்வி மணிநேரத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

இந்தக் காரின் வரலாற்றில் வேதனையான ஒரு பகுதி உண்டு. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த ரோந்துக் கார்களின் பின்னால் மற்ற வாகனங்கள் அதிவேகத்தில் வந்து மோதியபோது டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. அப்படிப் பல காவலர்கள் உயிரிழந்தார்கள். வழக்குகளும், குறிப்பாக அரிசோனாவிலிருந்து வந்த அழுத்தமும் சேர, 2002-இல் ஃபோர்டு டேங்கைச் சுற்றிப் பாதுகாப்புக் கவசங்கள் பொருத்த முன்வந்தது. 2005 மாடலில் தானியங்கித் தீயணைப்பு வசதியை விருப்பத் தேர்வாகத் தந்தது. அசல் நிலைக்குக் கொண்டுபோகிறேன் என்று இந்தக் கவசங்களை யாராவது கழற்றினால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை அந்தக் காரின் வரலாற்றின் பகுதி. அவற்றைப் பொருத்த வேண்டி வந்ததற்கு மனிதர்கள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். கண்காட்சியில் இந்தக் காரை நிறுத்துபவர் அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு வேறு கதை. 1990-களின் பிற்பகுதிக் கார்களில் கூலன்ட் போகும் பகுதி வெடித்துக் கசியும். பிற்பாடு வந்த மேனிஃபோல்டில் அந்தப் பகுதி அலுமினியம். அதை மாற்றியிருந்தால் மதிப்பு குறையாது. மாற்றாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முன்னுதாரணம் ஒன்று: மஸ்டாங்

ஓய்வு பெற்ற போலீஸ் கார் உண்மையாகவே சேகரிப்புப் பொருளாக மாறிய கதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் தெளிவானது ஃபோர்டு மஸ்டாங் எஸ்.எஸ்.பி., அதாவது சிறப்புச் சேவைத் தொகுப்போடு வந்த மஸ்டாங்.

1980-களின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளாலும் எரிபொருள் நெருக்கடியாலும் பெரிய போலீஸ் செடான்களின் எஞ்சின்கள் சோர்ந்து போயிருந்தன. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறைக்கு விரட்டிப் பிடிக்க ஒரு வேகமான கார் தேவைப்பட்டது. 5 லிட்டர் வி8 போட்ட மஸ்டாங்கை ஃபோர்டு அவர்களுக்காகத் தயார் செய்தது. 1982-இல் சுமார் 400 கார்களை அந்தத் துறை வாங்கியது. பிறகு புளோரிடா, டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1993 வரை ஏறத்தாழ 15,000 கார்கள் இப்படிச் செய்யப்பட்டன. எஞ்சின் ஆயில் கூலர், சிலிகோன் ரப்பர் குழாய்கள், துல்லியம் சரிபார்த்த ஸ்பீடோமீட்டர், வலுவூட்டிய தரைத்தகடு ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஓய்வு பெற்றதும் இவை மலிவாக விற்றுப்போயின. வாங்கியவர்கள் பெரும்பாலும் வேகப் பிரியர்கள். பந்தயம் ஓட்டினார்கள், எஞ்சினைக் கழற்றி வேறு காரில் போட்டார்கள், மரத்தில் மோதினார்கள். இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கூரை, கதவு, எஞ்சின், இருக்கை எல்லாம் அசலாக உள்ளவை அரிதாகிவிட்டன. அப்போதுதான் ஆர்வலர்கள் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினார்கள். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள டி.எஸ்.ஓ. எண்ணை (சிறப்பு ஆர்டர் எண்) வைத்து அது சிறப்பு ஆர்டரில் செய்த கார்தானா என்று பார்த்தார்கள். எந்த மாநிலத்துக்குப் போனது, எந்த நிலையத்தில் இருந்தது என்று தேடினார்கள். சாதாரண மஸ்டாங்கை வெள்ளை, கறுப்பு அடித்து போலீஸ் கார் என்று விற்பவர்களும் வந்தார்கள். போலி வரத் தொடங்கினால் அசலுக்கு விலை வந்துவிட்டது என்று பொருள்.

மஸ்டாங்குக்கு இன்னொரு சாதகம் உண்டு. போலீஸ் கதையை எடுத்துவிட்டாலும் அது ஆசைப்படத் தகுந்த கார். எந்த நிலையிலும் வாங்க ஆள் இருந்தது. கிரவுன் விக்டோரியாவுக்கு அந்த அனுகூலம் இல்லை.

முன்னுதாரணம் இரண்டு: காப்ரிஸ்

கிரவுன் விக்டோரியாவோடு நேராக ஒப்பிட வேண்டியது செவர்லே காப்ரிஸ் 9சி1. 9சி1 என்பது போலீஸ் தொகுப்பின் குறியீடு. இதுவும் நான்கு கதவு, இதுவும் பெரிய உடல், இதுவும் தெருவெல்லாம் நின்ற கார்தான். 1991-இல் வந்த உருண்டையான வடிவத்தைப் பார்த்து மக்கள் திமிங்கிலம் என்று கிண்டல் செய்தார்கள். 1994 முதல் 1996 வரை இதில் 5.7 லிட்டர் எல்டி1 எஞ்சின் கிடைத்தது. கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த எஞ்சினின் உறவு அது, 260 குதிரைத்திறன். மிச்சிகன் மாநிலக் காவல்துறை ஆண்டுதோறும் நடத்தும் போலீஸ் கார் சோதனைகளில் இது மற்றவற்றை முந்தியது. ஆனால் லாபம் அதிகம் தரும் பெரிய டிரக்குகளுக்கும் எஸ்.யூ.வி.-களுக்கும் டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலை தேவைப்பட்டது. 1996 டிசம்பரில் காப்ரிஸ் நின்றது. போலீஸ் துறைகள் வருத்தப்பட்டன. சில துறைகள் ஓய்வு வயதுக்கு வந்த காப்ரிஸ்களைப் புதுப்பித்து மறுபடி ஓட்டின.

இந்தக் காரின் மதிப்பு உயர்ந்ததற்கு அதன் குடும்பமும் ஒரு காரணம். போலீஸ் சஸ்பென்ஷனை எடுத்து அழகுபடுத்தி இம்பாலா எஸ்.எஸ். என்ற பெயரில் 1994 முதல் 1996 வரை பொதுமக்களுக்கு விற்றார்கள். மொத்தம் ஏறத்தாழ 70,000 கார்கள். அது சீக்கிரமே பலரும் விரும்பும் காராகிவிட்டது. இம்பாலா கைக்கு எட்டாதவர்கள் அதன் போலீஸ் உறவைத் தேடினார்கள். அப்போது 9சி1-க்கும் மரியாதை வந்தது. டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் குறியீட்டுப் பட்டியலில் 9சி1 இருக்கிறதா, டாக்சித் தொகுப்பான 9சி6 இருக்கிறதா, எஞ்சின் எல்டி1-ஆ, 200 குதிரைத்திறன் மட்டுமே உள்ள 4.3 லிட்டரா என்று பார்த்து வாங்குகிறார்கள்.

கிரவுன் விக்டோரியாவுக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. 2003, 2004-இல் ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்குரியில் மராடர் என்ற பெயரில் 302 குதிரைத்திறன் எஞ்சினோடு வந்த கார் அது. மொத்தமே 11,052 செய்தார்கள். மராடர் இன்று சேகரிப்புக் கார்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் புகழ் பி71-க்கு இறங்கி வரவில்லை. எஞ்சின் வேறு என்பது முக்கியக் காரணமாக இருக்கலாம். காப்ரிஸ் போலீஸ் காரை வாங்கியவருக்கு இம்பாலாவின் எஞ்சினே கிடைத்தது. பி71 வாங்கியவருக்கு டாக்சியில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின் கிடைத்தது.

ஒரே மாடல், மூன்று கார்கள்

கணக்குக்காக 2001 மாடல் பி71 மூன்றை வைத்துக்கொள்வோம். மூன்றும் 25 வயதைத் தொட்டவை.

முதல் கார் ஏலத்துக்குப் பிறகு டாக்சியாக ஓடியது. மஞ்சள் பெயின்ட், பிறகு வெள்ளை. எஞ்சின் ஒரு முறை மாற்றியாயிற்று. சட்டப்படி இதற்கும் ஆன்டிக் பிளேட் கிடைக்கும். ஆனால் போலீஸ் வாழ்க்கையின் தடயம் அடையாள எண்ணில் மட்டும்தான் மிச்சம். இதைக் கிளாசிக் என்று நான் ஏற்க மாட்டேன். தினமும் ஓட்ட உறுதியான கார் வேண்டும் என்றால் வாங்கலாம்.

இரண்டாவது காரை ஆர்வலர் ஒருவர் அழகாகச் செய்திருக்கிறார். புது பெயின்ட், பளபளக்கும் லைட் பார், கதவில் ஒரு பெரிய நகரத்தின் சின்னம். ஆனால் கார் உண்மையில் வேலை செய்தது எங்கோ ஒரு சின்ன கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). லைட் பாரும் பத்து ஆண்டு பிந்தைய மாடல். கண்ணுக்கு விருந்துதான், விற்கும்போது ‘நினைவு வடிவம்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தப்பில்லை. ஆனாலும் இதற்கு மேல் மதிப்பு ஏறாது. இதே உழைப்பை அந்தச் சின்ன கவுன்டியின் உண்மையான சின்னத்தோடு, உண்மையான எண்ணோடு செய்திருந்தால் கதையே வேறு.

மூன்றாவது காரின் பெயின்ட் மங்கியிருக்கிறது. ஸ்டிக்கர் சுரண்டிய இடத்தில் வெயில் படாத நிழல் எழுத்துகள் இன்னும் தெரிகின்றன. கூரையில் அதே ஓட்டைகள், ஸ்பாட்லைட் அதே இடத்தில். கையுறைப் பெட்டியில் துறையின் சர்வீஸ் அட்டை, யூனிட் எண், ஏல ரசீது. என் பார்வையில் மூன்றிலும் கிளாசிக் இதுதான். இதை முழுதாகப் பெயின்ட் அடித்துப் புதிதாக்குவதைக்கூட நான் தயங்கித்தான் செய்வேன். போலீஸ் காரில் தேய்மானமும் ஆவணம்தான். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அருங்காட்சியகத்தில் 1997 பிப்ரவரி 28 அன்று நடந்த வடக்கு ஹாலிவுட் துப்பாக்கிச் சண்டையின் குண்டு துளைத்த வாகனங்களை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா?

சாமான்களின் தேடல்

சரி, காரைக் கண்டுபிடித்தாயிற்று. அதில் இருந்த சாமான்களை எங்கே தேடுவது? இது தனி உலகம். காலத்துக்கு ஏற்ற லைட் பார், சைரன் பெட்டி, மோட்டரோலா ரேடியோ, முன் தள்ளு பம்பர், இரும்பு வலைக் கூண்டு, சரியான சக்கர மூடி எல்லாம் ஒன்றுசேர வேண்டும். ஃபெடரல் சிக்னல் நிறுவனத்தின் ஒற்றைக் குமிழ் ‘பீக்கன் ரே’ விளக்கை 1960-களின் காரில் வைத்தால் பொருந்தும். 1999 கிரவுன் விக்டோரியாவில் வைத்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். போலீஸ் கார் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா போன்ற சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். அந்தத் துறை அந்த ஆண்டு எந்த நிறுவனத்தின் விளக்கை வாங்கியது, சின்னத்தில் நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அளவுக்கு மீறிய நுணுக்கமாகத் தெரியலாம். அந்த நுணுக்கம்தான் காரைச் சரித்திரமாக வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சட்டம் இங்கே குறுக்கே வரும், வரத்தான் வேண்டும். போலீஸ் போலத் தெரியும் காரை வைத்து யாரையாவது நிறுத்தினால் அது ஆள்மாறாட்டக் குற்றம். அதைத் தடுக்க மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் போலீஸ் காரின் கறுப்பு-வெள்ளை வண்ணத்தைத் தனியார் கார் சாலையில் தாங்குவதற்கே கட்டுப்பாடு உண்டு, ஒரே நிறம் அடித்திருந்தால் பிரச்சினை இல்லை. முன்னோக்கிய சிவப்பு, நீல விளக்குகளுக்குப் பல மாநிலங்களில் தடை. பொறுப்பான உரிமையாளர்கள் விளக்கின் இணைப்பைத் துண்டித்து, மேலே உறை போட்டு, கதவில் ‘பணியில் இல்லை’ என்ற காந்தப் பலகை ஒட்டித்தான் கண்காட்சிக்கு ஓட்டிப் போவார்கள். உள்ளூர்க் காவல்துறையிடம் முன்கூட்டியே சொல்லி, சின்னத்தைப் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி வாங்குபவர்களும் உண்டு. அந்தக் கடிதமே பிறகு காரின் ஆவணங்களில் ஒன்றாகிவிடுகிறது.

அப்படியானால் எந்தக் கார்?

1992 முதல் 1997 வரையிலான உருண்டை முகப்புக் கார்கள் வயதில் மூத்தவை, எண்ணிக்கையில் குறைந்துவிட்டவை. துருவில்லாமல் முழுசாக ஒன்று கிடைத்தால் அது ஏற்கெனவே சேகரிப்புத் தகுதி பெற்றது என்பேன். மாநில நெடுஞ்சாலைக் காவல்துறைகளில் ஓடியவற்றுக்கு நகரக் கார்களைவிட முன்னுரிமை தரலாம். நகரக் கார் நின்று ஓடியே தேய்ந்திருக்கும், நெடுஞ்சாலைக் கார் சீரான வேகத்தில் ஓடியிருக்கும். அதோடு, மாநிலத் துறைகளின் வண்ணங்களும் ஆவணங்களும் பல ஆண்டு மாறாமல் இருந்ததால் சரிபார்ப்பதும் எளிது. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களின் கார்களில் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

2003-க்குப் பிந்தையவை ஓட்டுவதற்கு நல்லவை. 25 ஆண்டுக் கோட்டை அவை 2028-இலிருந்து தொடும். கடைசி 2011 மாடல் 2036-இல் தொடும். தயாரிப்பு நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் சில துறைகள் கூடுதலாக வாங்கிக் களஞ்சியத்தில் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகப் பணிக்கு எடுத்தன. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை தன் கடைசி கிரவுன் விக்டோரியாவை 2020-இல்தான் ஓய்வு கொடுத்து அனுப்பியது. தங்கள் துறையின் கடைசி கார் என்று காட்ட முடிகிற ஒவ்வொன்றும் நாளைக்குத் தேடப்படும் கார் என்பது என் கணிப்பு. மற்ற பெருந்திரள் பி71-கள் வயதானாலும் பழைய கார்களாகவே இருந்துவிடும்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. காவல்துறைகள் வாகனப் பராமரிப்புக் கோப்புகளை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். 1990-களின் கார்களுக்கு அநேகமாக அது நடந்து முடிந்திருக்கும். 2011-ஐ ஒட்டிய கார்களின் காகிதங்கள் பல இடங்களில் இன்னும் அலமாரியில் இருக்க வாய்ப்புண்டு. கையில் ஒரு பி71 வைத்திருப்பவர் லைட் பார் தேடுவதற்கு முன்னால், காரின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு அந்தத் துறைக்குப் பொது ஆவணக் கோரிக்கை அனுப்ப வேண்டும். யூனிட் எண், பணிக்கு வந்த தேதி, ஒதுக்கப்பட்ட பிரிவு, விபத்து அறிக்கைகள், சர்வீஸ் பதிவு, ஏலத்துக்கு அனுப்பிய கடிதம் ஆகிய அனைத்தின் நகலையும் கேட்க வேண்டும். அப்புறம் அந்த ஊரில் ஓய்வு பெற்ற காவலர்களின் சங்கம் இருந்தால் அங்கே போய்ப் பழைய புகைப்படங்களைக் கேட்க வேண்டும். கதவின் எண் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படம் கிடைத்தாலும் போதும், மூன்றாவது காருக்கு இருந்த தகுதி அந்தக் காருக்கும் வந்துவிடும்.